கடைசி வரிசையில் டீச்சரின் அம்மா

வில்லாபுரம் ராஜம் டீச்சர் இன்று காலை போய்விட்டார். தொண்ணூறைத் தாண்டியவர்தான்.

எங்கள் எதிர் வீடு. நான் கேமரா வாங்கிய வாரம் கூப்பிட்டு ஒரு கல்யாண குரூப் போட்டோவைக் காட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், சிம்மக்கல்லில் எடுத்தது.

முன்வரிசையில், ஜமக்காளத்தில், பாவாடை கட்டிய சிறுமியாக டீச்சர். பித்தான் வரை தெளிவு. கடைசி வரிசையில் அவருடைய அம்மா. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய கறை.

அம்மாவின் ஒரே படம். அடுத்த வருஷமே அம்மா இல்லை. முகமும் டீச்சருக்கு நினைவில் இல்லை.

"தம்பி, ஒன் கம்ப்யூட்டர்ல இதத் தெளிவாக்க முடியாதா?"

"ஒரு மொகம் போட்டுக் குடுக்கும் டீச்சர். ஆனா அது உங்கம்மா மொகமா இருக்காது."

"அப்ப வேணாம்ப்பா. எவளையோ அம்மான்னு கும்பிடவா?"

எனக்கு வேறொன்று உறுத்தியது. லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் முன்வரிசை, பின்வரிசை எல்லாமே தெளிவாக விழும். வெளிச்சம் குறையும் என்பதால் எல்லோரும் கொஞ்ச நேரம் ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த போட்டோகிராஃபருக்கு இது தெரியாதா?

கேட்டேன். சிரித்தார்.

"மொதல்ல அப்படித்தான்ப்பா எடுத்தாரு. நான் ஆடிட்டேன். 'இந்தக் கழுதைய வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் கேமரா மூடியத் தெறந்து வைக்கிறது'ன்னு வஞ்சுட்டு, வெரசா இன்னொன்னு எடுத்தாரு."

துளையைப் பெரிதாக்கியிருக்கிறார். வேகம் கிடைத்தது. பின்வரிசை போனது.

அப்படியானால் அந்த முதல் படம்?

விட முடியவில்லை. டீச்சரின் சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டேன்... மேலூரில் அவருடைய மாமா வீட்டுப் பரணில் இருந்தது. கெட்டுப்போன படம் என்று போட்டோகிராஃபர் இனாமாகக் கொடுத்ததாம்.

போன மாதம் அதை டீச்சர் மடியில் வைத்தேன். கடைசி வரிசை அத்தனையும் கூர்மை. அம்மா. மூக்குத்தி. வெயிலுக்குச் சுருக்கிய கண்.

முன்வரிசைச் சிறுமிக்குத்தான் முகம் இல்லை. பின்பக்கம் திரும்பிய ஒரு கலங்கல்.

"எதுக்கு டீச்சர் திரும்புனீங்க?"

படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா பின்னால நிக்கிறாளான்னு பாத்தேன்."

நாளை காலை எடுக்கிறார்கள். தலைமாட்டில் அந்தப் படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நிக்கிறாங்க டீச்சர்... போய்ட்டு வாங்க.