துரையைக் கேட்டுக் கட்டிய வீடு

டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பூரணியைப் போல உத்தரவு கேட்டே வாழ்ந்தவள் வேறு யாரும் இல்லை. மரக்கறிப் பாத்தி போட உத்தரவு, மாடு கட்ட உத்தரவு, மூத்த மகளுக்குக் கலியாணப் பந்தல் போட உத்தரவு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தோட்டத்தில் பிறக்காதவர்கள். அங்கே மண்ணும் கம்பெனியின் கையில், கூரையும் கம்பெனியின் கையில். செத்தால் புதைக்கிற குழிக்கும் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். பூரணி இதை அடிமைத்தனம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மரியாதை என்றுதான் நினைத்தாள்.

அவள் இருந்த லயத்து வரிசை வீட்டின் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது தோட்டத்தை நிர்வகித்த துரையின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நல்ல மனுஷன். ரோட்டோரத்து மேட்டில் ஒரு வீடு போட்டுக்கொள்ளச் சொன்னார். வாயால் சொன்னதோடு சரி, எழுதித் தரவில்லை. கேட்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. துரை வாயால் சொன்ன பிறகு எழுத்து எதற்கு? அவளும் இளைய மகள் கிருஷாந்தியும் மேட்டை வெட்டி, கல் சுமந்து, இரண்டு அறை எழுப்பினார்கள். கதவைத் திறந்தால் ஹட்டன் பஸ் வாசலில் நிற்கும். லயத்துச் சனம் கொஞ்சம் பொறாமைப்பட்டது. பட்டால் படட்டும் என்று பூரணிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அந்த ரோட்டைத்தான் அகலமாக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் அறிவித்தல் ஒட்டினார்கள். வளைவில் கடை வைத்திருந்த மஃறூப்தான் அதை வாசித்துச் சொன்னார். அவருடைய கடையின் முன்பாதியும் போகிறது.

"பூரணியம்மா, ஆட்சேபனை இருந்தா தேதிக்கு முன்னால பிரதேச செயலகத்துல எழுதிக் குடுக்கணுமாம். நான் நாளைக்கே கடை உறுதிப் பத்திரத்த எடுத்துக்கிட்டுப் போறேன். நீங்களும் வாங்க."

"துரைக்குத் தெரியாம நான் எப்படிங்க அங்க போறது? அப்புறம் அவங்க மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?"

"ரோடு போடுறது துரை இல்லம்மா, அரசாங்கம்."

"இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குங்களே."

அந்த முறைப்படியே, ஆபீசில் தொழிலாளர் குறை கேட்கிற கிழமையில், பூரணி நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். பெரிய கிளாக்கர் செல்லசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டார்.

"வந்து சொன்னீங்கல்ல, போதும். நாங்க பாத்துக்கிறோம்."

அவர் பொய் சொல்லவில்லை. பார்த்துத்தான் கொண்டார்கள். நிலம் விடுவதில் ஆட்சேபனை எதுவும் இல்லை என்று பிரதேச செயலகத்துக்குக் கம்பெனி அறிவித்தது. போகிற நிலத்துக்கான நட்டஈடு கம்பெனிக்குத்தானே வரும்! ஆட்டுக்குக் காவலாக ஓநாயை வைத்துவிட்டு வந்த கதைதான். பூரணியோ வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினாள். தேதி போனது.

நில அளவையாளர்கள் வந்து அவள் வாசற்படியில் சிவப்புச் சாயம் பூசியபோதுதான் அவளுக்கு நடக்கப்போவது விளங்கியது. ஆபீசுக்கு ஓடினாள்.

"அரசாங்க வேல. நாங்க என்னத்த செய்றது?" என்றார் செல்லசாமி.

"அப்ப எங்களுக்கு லயத்துல ஒரு காம்பராவாவது குடுங்க ஐயா."

"காலி காம்பரா எங்க இருக்கு? நீங்கதான் ஓய்வு வாங்கிட்டீங்களே."

செயலகத்தில் கேட்டால், ஆட்சேபனைக்குத் தவணை முடிந்துவிட்டது என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் ஒரு வாசல் மிச்சம் இருந்தது. எடுக்கிற நிலத்தில் யாருக்கு என்ன உரித்து என்று கேட்கும் விசாரணை. மஃறூப்தான் அவளைத் தன்னோடு கூட்டிப்போனார். கிருஷாந்தி வரவில்லை. அன்று மலையில் கொழுந்து மும்முரம், லீவு கொடுக்கவில்லை.

மஃறூப் உறுதியை நீட்டினார், இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார், வேலை முடிந்தது. அடுத்தது பூரணி. விசாரணை செய்த அதிகாரி அம்மாவுக்குச் சிங்களம்தான். மொழிபெயர்க்கப் பிரேமினி என்றொரு தமிழ்ப் பிள்ளை பக்கத்தில் இருந்தாள். கம்பெனி சார்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் செல்லசாமி.

"அந்த எடத்துல வீடு கட்ட யாராவது அனுமதி குடுத்தாங்களான்னு கேக்குறாங்க அம்மா," என்றாள் பிரேமினி. பிறகு, கேட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பூரணிக்கு விளக்கினாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தோட்டத்து அனுமதியோட கட்டியிருந்தா அது தோட்டத்து வீடு, அதுக்கான காசும் தோட்டத்துக்கே போயிரும். யாரையும் கேக்காம நீங்களா கட்டிக் குடியிருந்தீங்கன்னா, எடமில்லாதவங்க பட்டியல்ல பேர் போடலாம். வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் கெடைக்கும்."

பூரணிக்கு இது விளங்கவே இல்லை. அனுமதி கேட்காதவனுக்கு நிலம், கேட்டவளுக்குத் தெருவா? எந்த ஊர் நியாயம் இது! கேட்காமல் கட்டினேன் என்று ஒரு பொய். அதைச் சொல்லிவிட்டால் தலைக்கு மேல் கூரை. ஆனால் முன்வரிசையில் செல்லசாமி. மகளின் பெயர் இன்னும் தோட்டத்து ஆள் பட்டியலான செக்ரோலில் இருக்கிறது. தோட்டத்து நிலத்தைத் திருடினவள் என்று பெற்றவளே வாயால் ஒப்புக்கொண்டால், மகளுக்கு நாளைக்குக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவார்களா? சொன்னாலும் நாசம், சொல்லாவிட்டாலும் நாசம்.

"சொல்லுங்கம்மா," என்றாள் பிரேமினி. மஃறூப் பின்னாலிருந்து, "கேக்கலன்னு சொல்லுங்க, கேக்கலன்னு சொல்லுங்க," என்று தவித்தார்.

பூரணி எழுந்தாள். விசாரணை அம்மாவைப் பார்க்கவில்லை. முன்வரிசைப் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, நான் என்னன்னு சொல்லட்டுங்க?"

மஃறூப் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லசாமிக்கே கொஞ்சம் கூச்சமாகப் போயிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையச் சொல்லு பூரணி."

"சரிங்க ஐயா," என்றாள் பூரணி. பிறகு பிரேமினியிடம், துரையைக் கேட்டுத்தான் கட்டினேன் என்று சொன்னாள்.