பைனாகுலரோடு காய்கறி வாங்கப் போனேன்

இன்று காலை லிங்கராஜபுரம் பஸ்ஸில் செல்வத்தைப் பார்த்தேன். எங்கள் பறவை பார்க்கும் குழுவில் இருப்பவர். எதை எங்கே பார்த்தார் என்று மட்டும் சொல்லவே மாட்டார்.

"எங்க சார், காலைலயே?" என்றேன்.

"ஆபீஸுக்கு. அர்ஜென்ட் வேலை."

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எந்த ஆபீஸ் ஐயா அது?

"நீங்க?"

"சும்மா, காய்கறி வாங்க." என் பையிலிருந்து எட்டிப் பார்த்த பைனாகுலரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தேகம் வரக் கூடாதென்று ஏரிக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஏரிக்கரைக் கோரைப்புல்லுக்குள் புகுந்தால், அங்கே ஏற்கெனவே செல்வம் குந்தியிருக்கிறார்! எதிரே, இமயமலை தாண்டி வந்த வரித்தலை வாத்துகள்.

திரும்பாமலே கேட்டார்: "காய்கறி கெடச்சுதா சார்?"

எந்த ஏரி என்று கமெண்டில் கேட்காதீர்கள். கத்தரிக்காய் எங்கே நன்றாக இருக்கும் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.