பதினேழாவது அறிவிப்பு

அந்த ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு வியாழக்கிழமை என்று பெயர். முகத்துக்கு நேரே 'அக்கா' என்பார்கள். அவள் இல்லாத இடத்தில் 'வியாழக்கிழமையைக் கேட்டுப் பார்' என்பார்கள். பதினைந்து வருடங்களாக அந்தக் கிழமை காலை பத்து மணிக்கு, துருவப் பகுதிகளிலும் உயர்ந்த மலைகளிலும் ஆய்வு செய்கிறவர்களுக்கான அறிவிப்பு மடலை அவள்தான் தொகுத்து அனுப்பிவந்தாள். நிதி யார் தருகிறார்கள், பயிற்சி எங்கே நடக்கிறது, பள்ளிகளுக்குப் போய்ப் பனியைப் பற்றிப் பேச யாருக்கு வாய்ப்பு, கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். தேதியில் சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யாமல் போடமாட்டாள்.

இதற்கென்று அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. தட்டச்சு வேலைக்கு வந்தவள், தாள்களைப் புரட்டிப் புரட்டியே கற்றுக்கொண்டாள். எந்த உயரத்தில் எத்தனை நாள் தங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், கையுறை எத்தனை அடுக்கு, மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பனியை மட்டும் பார்த்ததில்லை.

போகிறவர்கள் திரும்பி வருவார்கள். குளிர்க்கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். மிச்ச முகம் கறுத்துத் தோலுரிந்திருக்கும். அந்த வெள்ளை வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். அதிலும் பக்கத்து அறைப் பனிப்பாறை ஆய்வாளர், அவளைவிட எட்டு வயது இளையவள், நான்கு முறை போய்வந்துவிட்டாள். நான்கு விண்ணப்பத்தையும் காற்புள்ளி வரை திருத்திக் கொடுத்தது இவள்தான்.

"அதை ஏன்க்கா கேக்கறீங்க, ஒரே குளிரு. காத்து அடிச்சா கக்கூசுக்குக்கூடக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். உங்க நாற்காலி எவ்வளவோ மேல்."

"அப்ப மாத்திக்கலாமா?" என்பாள் இவள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். போய்வந்ததைக்கூட மன்னித்துவிடலாம். போய்வந்துவிட்டு அலுத்துக்கொள்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் கணவர் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். அவருக்கு இது வேடிக்கை. "உனக்குப் பனிதானே வேணும்? ஃப்ரீசர் கதவைத் திறந்து வைக்கிறேன். ஆறு வாரம் உக்காந்துக்கோ."

"உங்களை உள்ள வச்சு மூடினாத்தான் எனக்கு நிம்மதி."

ஒரு புதன்கிழமை பிற்பகல், மறுநாள் மடலுக்காகச் சேர்த்துவைத்திருந்த பதினாறு அறிவிப்புகளோடு பதினேழாவது வந்து சேர்ந்தது. உயரமான மலையில் இருக்கும் ஓர் ஆய்வு நிலையத்தில் ஆறு வாரம். ஆய்வாளர்களுக்கு அல்ல, அவர்களோடு வேலை செய்யும் தொழில்நுட்ப உதவியாளர்கள், நூலகர்கள், அலுவலர்களுக்கு. பயணம், உடை, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. திரும்பி வந்ததும் பத்துப் பள்ளிகளில் பேச வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே ஓர் இடம். கடைசித் தேதி அடுத்த வாரம் வெள்ளி.

நான்கு முறை படித்தாள். பதினைந்து வருடத்தில் அவளுக்குப் பொருந்துகிற முதல் அறிவிப்பு அது. மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால் விண்ணப்பம் ஒன்றுதான் போகும். ஒன்றுதான் போனால் இடம் யாருக்கு என்று யோசிக்கவே வேண்டாம்.

வியாழக்கிழமை மடல் பதினாறு அறிவிப்புகளோடு போனது.

பதினொன்றரைக்குக் குளிர் அறைக்காரர் வந்தார். பனிப்பாறையைத் துளைத்து எடுத்த பனி உருளைகளை, உறைநிலைக்கு இருபது பாகை கீழே வைத்துக் காப்பதும் அறுப்பதும் அவர் வேலை. தடித்த மேலங்கியைக் கழற்றாமல், மூக்கு சிவக்க, வாரா வாரம் இதே நேரத்துக்கு வருவார். ஒரே கேள்விதான் கேட்பார்.

"நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஏதாவது வந்துச்சாம்மா?"

"இல்லண்ணே."

"சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்று போய்விட்டார். அவர் போன பிறகு அவள் தண்ணீர் குடித்தாள். பதினோரு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்காவது உள்ளே தினமும் பனி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு வசதியாக இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதினாள். களத்துக்குப் போய்வந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று விதி. நிறுவனத்தில் அப்போது ஊரில் இருந்தது பக்கத்து அறைக்காரி ஒருத்திதான். யாரைப் பார்த்து வயிறு எரிந்தாளோ, அவளிடமே செவ்வாய்க்கிழமை தாளை நீட்ட வேண்டியதாயிற்று.

அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு நிதானமாகப் படித்தாள். "பிரமாதம்க்கா. ஒரு எழுத்து எடுக்க முடியாது." கடைசிப் பக்கத்தில் நின்றாள். "இது எந்த வாரம் மடல்ல வந்துச்சு?"

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், இந்த அழைப்பை எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி. அதில் 'வாராந்தர அறிவிப்பு மடல்' என்று எழுதச் சொல்லி, பதினைந்து வருடமாக எல்லோரையும் நச்சரித்தவள் இவள். அப்படி எழுதினால்தான் மடலால் பயன் உண்டு என்று மேலிடம் நம்பும். எழுதச் சொல்லிச் சொல்லிப் பழகிய கை, தன் விண்ணப்பத்திலும் அதையே எழுதிவிட்டிருந்தது.

"போன வாரம்" என்றாள்.

"நான் மடலைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவ. வரலையே."

"விட்டுப்போச்சு."

"உங்களுக்கா?"

அதற்கு மேல் என்ன சொல்லியும் பயனில்லை. காற்புள்ளி தவறாதவளுக்கு ஓர் அறிவிப்பு விட்டுப்போனது என்றால் யார் நம்புவார்கள்?

"சரி, விட்டேன்" என்றாள். "நாலு தடவை போயிட்டு வந்து குளிரு குளிருன்னு சொல்றே. எனக்கும் ஒரு தடவை குளிரட்டும்னு விட்டேன்."

ஆய்வாளர் தாள்களை அடுக்கினாள். "குளிர் அறை அண்ணன் வந்து கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

இவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"கடிதம் எழுதறேன்க்கா. நல்லாவே எழுதுவேன், உங்களைப் பத்தி எழுத நிறைய இருக்கு. ஆனா மடல் இன்னிக்கே போகட்டும். போகலைன்னா நானே அவர்கிட்ட சொல்லிடுவேன்."

"மிரட்டறியா?"

"ஆமாக்கா."

அன்று பிற்பகல், பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, செவ்வாய்க்கிழமை ஒரு மடல் போனது. 'சென்ற வாரம் விடுபட்ட அறிவிப்பு. தவறுக்கு வருந்துகிறோம்' என்று தட்டச்சு செய்யும்போது, வெள்ளி வரை இந்த நான்கு நாளும் குளிர் அறைக்காரர் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் படிவத்தோடு வந்து நின்றார். எல்லோரையும் போலவே, சரிபார்த்துத் தரச் சொல்லி.

பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதியிருந்தார். அப்படியே அனுப்பினால் தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாலை முழுக்கத் தன் கையின் மேல்தான் அவளுக்குக் கோபம்.

நிறுவனத்திலிருந்து மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். மூன்றாவது வாரம் முடிவு வந்தது. குளிர் அறைக்காரருக்கு இடம். அவர் போக முடியாமல் போனால் அவள்.

அதற்குப் பிறகு அவர் உடம்பில் அவளுக்கு வந்த அக்கறை கொஞ்சநஞ்சமல்ல.

"என்னண்ணே, இருமலா?"

"தூசிம்மா."

"எதுக்கும் டாக்டரைப் பாருங்க. உயரத்துல நெஞ்சு ஒத்துக்காது."

பார்த்தார். நெஞ்சு இரும்பு மாதிரி இருப்பதாக டாக்டர் சொன்னதாக வந்து சந்தோஷமாகச் சொன்னார். வீட்டில் இதைச் சொன்னபோது கணவர், "அந்த மனுஷன் தும்மினா நீ பெட்டி கட்டிடுவே போல" என்றார். அவள் மறுக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பிற்பகல்கள் அவரை எதிரே உட்காரவைத்து, தெரிந்ததையெல்லாம் சொன்னாள். முதல் இரண்டு நாள் படுத்திருக்க வேண்டும், மாடிப்படி ஏறக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தவறாக ஒன்றுகூடச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, தன் பயணத்தைத் துண்டு துண்டாக எடுத்து அவர் பையில் போடுவது போலிருந்தது.

அவர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது செல்பேசியில் செய்தி வந்தது. 'தலைவலி பிச்சு எடுக்குதும்மா. நீங்க சொன்ன மாதிரியே படுத்திருக்கேன். ஜன்னல் முழுக்கப் பனி.'

"யாரு?" என்றார் கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

"அவருக்குத் தலைவலியாம்."

"பாவம்."

"என்ன பாவம்?" என்றாள். "அது எனக்கு வரவேண்டியது."

கணவர் சிரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து மற்றச் செருப்பை மாட்டினார். அவள் வாசலில் நின்றபடியே பதில் எழுதினாள்: 'எந்தப் பக்கம் வலிக்கிறது? எப்போது ஆரம்பித்தது? ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.'