வீங்கிய கன்னத்துக்கு அளவெடுத்த துப்பாக்கி

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் மனைவிக்கே மறந்துபோய்விட்டது. லேத் பட்டறையில், துப்பாக்கி கிளப்பில், அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில், எங்கும் அவர் 'மைக்ரான்'தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரான். இதை எதிரே வருகிறவருக்கெல்லாம் விளக்கிவிட்டு, "உங்களுக்கெல்லாம் எங்க புரியப்போகுது" என்று முடிப்பார்.

கதவு கிறீச்சிட்டால் தச்சனுக்குத் திட்டு. பாத்திரத்தின் மூடி ஆடினால் அதைச் செய்த கம்பெனிக்குத் திட்டு. கல்யாணமான மறுநாள் அவள் கழுத்துச் சங்கிலியின் கொக்கியைப் பார்த்து, "இது எந்த மடையன் செஞ்சது?" என்று உதட்டைச் சுழித்தவர். அவளுக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். பாவி மகள், நகையைத்தானே சொல்கிறார் என்று விட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

கிளப்பில் அவர் பன்னிரண்டு வருடமாக உறுப்பினர். பத்து மீட்டர் தள்ளி மாட்டியிருக்கும் அட்டையைக் காற்றுத் துப்பாக்கியால் சுடும் போட்டி. வருடத்துக்கு ஒருவரைத்தான் கிளப் பெரிய போட்டிக்கு அனுப்பும். அந்த ஒருவராக ஒரு வருடமும் அவர் இருந்ததில்லை. குற்றம் எப்போதும் துப்பாக்கியின் மேல். அடுத்த பிறந்தநாளோடு அவரை மூத்தோர் பிரிவில் தள்ளிவிடுவார்கள். "அந்தக் கிழவனுங்களோட நின்னு சுடறதுக்கு வீட்டுல படுத்துக் கிடக்கலாம்" என்றார். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு. அதற்காகத் தானே ஒரு துப்பாக்கி செய்யக் கிளம்பினார்.

குழல் மட்டும் வெளியே வாங்கியது. காற்று உருளை, வால்வு, விசை எல்லாம் பட்டறையில் அவர் கையால் கடைந்தவை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று வர வேண்டுமென்று வால்வு ஸ்பிரிங்கைப் பதினேழு முறை மாற்றினார். ஈயக்குண்டுகளைச் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடை பிசகியதை அங்கேயே தரையில் வீசினார். கூட்டும்போது அவள் காலில் குத்தும்.

கடைசியில் கட்டைக்கு வந்தார். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் பதியும் இடம்தான் உயிர். கன்னம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் கண் குறி பார்க்கும் துளைக்கு நேரே நிற்கும். சுவருக்குப் பூசும் பட்டியைப் பிசைந்து கட்டையில் அப்பி, அதில் கன்னத்தைப் பதித்து அச்செடுத்து, அந்த அச்சுக்கு மரத்தைச் செதுக்க வேண்டும். அதைச் செதுக்கிய மூன்று வாரமும் அவருக்கு வலது கடைவாய்ப் பல்லில் சீழ். கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"முதல்ல பல்லைப் புடுங்கிட்டு வாங்க. அப்புறம் கட்டையைச் செதுக்கலாம்" என்றாள்.

"பல்லுக்கும் கட்டைக்கும் என்னடி சம்பந்தம்? வலி மாத்திரையை எடு."

"வீங்கின கன்னத்துக்கா அளவெடுக்கறீங்க?"

"அளவுகோல் என்கிட்ட இருக்கு. உன்கிட்ட இருக்கறது வாய் மட்டும்தான்."

அவளுடைய தம்பி, பஸ் கண்டக்டர், அதே கிளப்பில் பொதுத் துப்பாக்கியால் சுடுகிறவன், ஒருநாள் வந்து பார்த்தான். "அத்தான், கன்னக் கட்டைக்கு ஒரு திருகு வச்சா வேணுங்கறப்ப ஏத்தி இறக்கிக்கலாமே?"

"தன் வேலைமேல நம்பிக்கை இல்லாதவன்தான் திருகு வைப்பான் மாப்ளே. உன் பஸ் மாதிரி கடகடன்னு ஆடணுமா?"

ஒரே மரத்தில், திருகே இல்லாமல் செதுக்கி முடித்தார். சுட்டுப் பார்த்தார். பத்துக் குண்டும் ஒரே ஓட்டை! ட்யூன் செய்து முடித்த துப்பாக்கியைப் போட்டி நாள்வரை தொடக்கூடாது என்பது அவர் சட்டம். பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் வலி பொறுக்காமல் பல் டாக்டரிடம் போனார். பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நாளுக்குள் கன்னம் பழையபடி வற்றிவிட்டது.

தேர்வு நாளில் தம்பி முதலில் சுட்டான். பிளாஸ்டர் ஒட்டிய கிளப் துப்பாக்கியில் இருபது குண்டில், இருநூறு புள்ளிக்கு நூற்று எண்பத்து மூன்று. "டப்பாவை வச்சு டப்பா ஸ்கோர்" என்று சொல்லிவிட்டு மைக்ரான் கோட்டில் நின்றார்.

ஏழு. எட்டு. ஆறு. ஒன்பது. ஏழு.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். விளக்கைக் குறை சொன்னார். அவளுக்கோ பின் பெஞ்சிலிருந்தே தெரிந்தது. கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. கன்னத்தைக் கட்டையில் சாய்த்தால் கண் விலகியது. கண்ணை நேராக வைத்தால் தலை அந்தரத்தில் ஆடியது. மூன்று வாரம் இராப்பகலாகச் செதுக்கியது ஒரு சீழ்க்கட்டிக்கு!

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருடப் புலம்பலைக் கேட்டவள் அவள்தானே. எழுந்து போய்த் தன் கைக்குட்டையைச் சுருட்டி நீட்டினாள். "வாயில அடக்கிக்கோங்க. வலது பக்கம்."

அவர் முறைத்தார். பிறகு கட்டையைப் பார்த்தார். கைக்குட்டையை வாங்கி வாயில் திணித்துக்கொண்டார்.

பத்து. பத்து. பத்து. அவருடைய வாழ்க்கையிலேயே அத்தனை நேரம் யாரையும் திட்டாமல் நின்றது அன்றுதான். அறையே நிம்மதியாக மூச்சுவிட்டது. பதினான்கு குண்டில் பன்னிரண்டு பத்து, இரண்டு ஒன்பது. கடைசிக் குண்டில் ஒன்பது போதும், தம்பியை ஒரு புள்ளியில் தாண்டிவிடுவார். அவளுக்குக் கண் கலங்கியது.

பின் பெஞ்சில் தம்பி பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகக் கிசுகிசுத்தான். "எல்லாம் அத்தானே கையால செஞ்சது. மெஷின்ல செஞ்சதுக்கும் இதுக்கும் ஒரு மில்லி வித்தியாசம் இருந்தா அதிகம்."

மைக்ரானின் முதுகு நிமிர்ந்தது.

'வேண்டாங்க, வேண்டாங்க' என்று அவள் மனதுக்குள் கும்பிட்டாள்.

அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். கைக்குட்டையைப் பிடுங்கினார். "மில்லியா? எவன்டா மில்லின்னு சொன்னது? நாலு மைக்ரான்! மில்லிக்கும் மைக்ரானுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் துப்பாக்கியைத் தொட்டா கிளப் எப்படி உருப்படும்?"

"நேரம் முடிய இன்னும் பதினஞ்சு செகண்ட்" என்றார் நடுவராக நின்ற கிளப் செயலாளர்.

"அவனுக்கு ஒரு மில்லின்னா என்னன்னு சொல்லிட்டு வரேன் சார்."

"பத்து செகண்ட்."

கைக்குட்டை கைநழுவி மேஜைக்கு அடியில் போயிருந்தது. குனிய நேரமில்லை. அப்படியே சுட்டார். ஏழு.

நூற்று எண்பத்திரண்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது மழையைப் பார்த்துக் கத்தும்.

தம்பிதான் பெரிய போட்டிக்குப் போகிறான். கிளப்பை விட்டு வெளியேறும்போது அவன் அழாத குறையாக நின்றான். "அத்தான், நான் பெருமையாத்தானே சொன்னேன்..." மைக்ரான் அவனைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் வரை முகத்தை வெளியே திருப்பியபடியே இருந்தார். அழுகிறாரோ என்று நினைத்தாள். கையைத் தொடப் போனாள்.

"எல்லாம் அந்தப் பல் டாக்டரால" என்று ஆரம்பித்தார். "அவனுக்கு ஒரு வேலையை எப்பச் செய்யணும்னே தெரியலை..."

நீட்டிய கையைப் பின்னிழுத்துக்கொண்டு, அவள் பையைத் திறந்தாள். மேஜைக்கு அடியிலிருந்து பொறுக்கி வந்த ஈரக் கைக்குட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதை வாயில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."