தவிட்டுக்குக் கொடுத்த தம்பி

காலை பத்தேகால் மணி. முதலில் என் கண்ணில் பட்டவை தம்பியின் கால்கள். எங்கள் மூன்றாம் வகுப்புக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது. அதன் வழியே பெஞ்சுகளின் கீழ்ப்பகுதி மட்டும் தெரியும். வரிசையாக வெறுங்கால்கள். கடைசியாக இருந்த கால்கள் மட்டும் துணி காயப்போடும் கயிற்றால் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. முழங்காலில் இருந்த காய்ந்த புண்ணைப் பார்த்துத்தான் அது தம்பி என்று அறிந்தேன்.

கட்டிய டீச்சர் கொடுமைக்காரி அல்ல. நாங்கள் மலாக்காவில் இருந்தோம்; நாடு சுதந்திரம் வாங்கவிருந்த வருடம் அது. தினமும் காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி, காகிதக் கொடியோடு நடக்கப் பழக்கினார்கள். அன்று உயரத்தின்படி வரிசையை மாற்றினார்கள். தம்பிக்கு முன்னால் வழக்கமாக நிற்கும் பையன் வேறு இடத்துக்குப் போனான். தம்பி தரையில் விழுந்து கத்தினான். தூக்கப்போன பையனின் கையைக் கடித்தான். ரத்தம் வந்தது. டீச்சருக்குக் கைக்கு எட்டிய ஒரே தீர்வு அந்தக் கயிறு.

தலைமையாசிரியர் அம்மாவை வரச்சொன்னார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பையனை வீட்லயே வெச்சுக்குங்கம்மா. மத்த பிள்ளைங்களோட தாய் தகப்பனுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

அம்மா தலையாட்டினாள். வீட்டிலேயே வைத்துக்கொள்வதில் இருந்த சிக்கலை அவரிடம் சொல்லவில்லை.

சிக்கல் அப்பா. அவர் நகர கவுன்சிலில் சாக்கடை துப்புரவு செய்யும் ஆட்களோடு வேலை பார்த்தார். பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். காஜா பேராங் சாலையில் லாரி டயர் வெடித்தாலும், கோயிலில் மேளம் முழங்கினாலும் அசையமாட்டார். ஆனால் யாராவது வாய்விட்டு அலறினால் அவர் கைகள் நடுங்கத் தொடங்கும். பிறகு இடுப்பு வாரை உருவுவார். அலறல் நிற்கும்வரை அடிப்பார். நின்றதும் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய், உயிரோடு திரும்பியவர்களில் அவரும் ஒருவர். அதை நான் அவர் போய்வந்த ஓர் ஊர் என்ற அளவில்தான் தெரிந்துவைத்திருந்தேன்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. தம்பிக்கு முகம் சிவக்கத் தொடங்கியதும் அம்மா அவனை மடியில் அழுத்தி, வாயை உள்ளங்கையால் மூடிவிடுவாள். அவன் களைத்துத் துவளும்வரை கையை எடுக்கமாட்டாள். ஜன்னல்களைச் சாத்துவது என் வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன். ஓசைப்படாமல் கொக்கி மாட்டத் தெரிந்தவள் என்று அம்மா என்னைப் பாராட்டுவாள்.

அந்த ஞாயிறு, அம்மாவின் அண்ணன் பக்கத்து ஊரான புக்கிட் காதிலிலிருந்து சைக்கிளில் வந்தார். பஞ்சாங்கத்தைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மாமா எதற்கும் காரணம் சொல்லக்கூடியவர். ஒரு விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

"அப்பனுக்கு ஆகாத நேரத்துல பொறந்திருக்கான். அதான், இவன் வாயத் தொறந்தா அவருக்கு வெறி ஏறுது."

"அதுக்கு என்னாண்ணே செய்யறது?"

"தவிட்டுக்குக் குடுத்துட்டுத் திரும்ப வாங்கு. ஊர்ல நம்ம சித்தப்பாவ அப்படித்தான் குடுத்தாங்க."

"குடுத்து, சரியாயிட்டாரா?"

"எங்க? அவரு கப்பலேறி ஓடிட்டாரு. ஆனா அவுங்க அப்பன் தொண்ணூறு வயசு இருந்தாரு."

பெற்றவருக்கு ஆகாத பிள்ளையை வேறொருவருக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். இனி இது இவன் பிள்ளை அல்ல என்று கிரகம் ஏமாந்து விலகிவிடும். பிறகு அதே தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். மீட்கும்வரை அவன் அப்பாவை அப்பா என்று கூப்பிடக் கூடாது. மாமா என்று கூப்பிட வேண்டும். முக்கியமான நிபந்தனை, விற்கும்போது இது விளையாட்டு என்று யாரும் வாயால் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கிரகத்துக்குக் கேட்டுவிடும்.

எங்கள் வரிசையில் இருந்த தமிழ் வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு சாக்குச் சொன்னது. ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருந்தாள். இன்னொரு வீட்டில், கையைக் கடிக்கிற பிள்ளை வேண்டாம் என்று நேராகவே சொன்னார்கள். மிஞ்சியது அடுத்த வீட்டு பீபிக். அவள் மலாக்கா செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழி. எங்களைப் போலவே திருநீறு பூசுவாள், எங்களைப் போலவே அம்மன் கோயிலில் கும்பிடுவாள். பேச்சு மட்டும் மலாய், உடுப்பு மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை. அந்த வம்சத்து வயதான பெண்களை பீபிக் என்றுதான் அழைப்போம். கணவர் இல்லை, மகன்கள் சிங்கப்பூரில். அரசாங்கக் கிளார்க்குகளின் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தாள்.

தவிடு வாங்கச் சீனர் கடைக்குப் போனோம். கோழித் தீவனம் என்று நினைத்து, எத்தனை கோழி என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒண்ணுதான்," என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா தம்பியை பீபிக் வீட்டு நிலைப்படியில் முறத்தின் மேல் உட்காரவைத்தாள். தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், இந்தப் பிள்ளை எங்களுக்கு ஆகவில்லை, நீ எடுத்துக்கொள் என்றாள். பீபிக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். தம்பியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"உண்மையாகவா?" என்று மலாயில் கேட்டாள்.

அம்மாவுக்கு நிபந்தனை நினைவிருந்தது. "உண்மையாகத்தான்," என்றாள்.

பீபிக் உள்ளே போய் ஒரு படி தவிட்டுக்குப் பதில் அரிசியே கொண்டுவந்தாள். தவிடுதான் வேண்டும் என்று அம்மா நாங்கள் வாங்கிவந்ததை அவள் கையில் கொடுத்து, அவள் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு பீபிக் நடுவீட்டில் வாழையிலை விரித்தாள். சாம்பிராணி போட்டாள். செத்துப்போன தன் பெரியவர்களுக்குச் சோறும் மீனும் படைத்து, தம்பியின் பெயரைச் சொல்லி, இவன் இன்று முதல் இந்த வீட்டுப் பிள்ளை என்று அறிவித்தாள். படையல் நன்றாக இருந்தது. எனக்கும் ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

சாயங்காலமே மீட்டுவிடுவதாகத்தான் ஏற்பாடு. மூன்று மணிக்கு அப்பா வந்தார், குளித்தார், சாப்பிட்டார், தம்பி பீபிக் வீட்டில் இருப்பதாக அம்மா சொன்னதற்கு "ம்" என்றார், பாயில் நீட்டிப் படுத்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்று வேலியைப் பார்த்தாள்.

"நாளைக்குப் போலாம்," என்றாள்.

அடுத்த நாளும் அதையே சொன்னாள்.

தம்பியின் துணிகளை எடுத்துக்கொண்டு நான் தினமும் வேலி இடைவெளி வழியாகப் போவேன். ஒரு நாள் சட்டைப் பொத்தான் மாட்டவில்லை என்று அவனுக்கு அந்தக் கத்தல் வந்துவிட்டது. நான் பழக்கத்தில் ஜன்னலுக்கு ஓடினேன்.

"பியார்," என்றாள் பீபிக். விட்டுவிடு என்று பொருள். "கத்தட்டும். வீடு இடிந்தா விழப்போகிறது?"

அவள் கரிப்பெட்டியை உயரத்தில் வைத்தாள். முக்காலியை நகர்த்தினாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் தரையில் உட்கார்ந்து, கஞ்சிச் சட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பிடித்து அழுத்தவில்லை, பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. அவன் உதைத்தான், உருண்டான், பிறகு விக்கலாகிச் சிறுத்தான். ஈரத்துணி ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். அவனே முகத்தைத் துடைத்துக்கொண்டான். எதற்காகக் கத்தினாய் என்று அவள் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் என்றால் குறைந்தது கேட்டிருப்பார்கள்.

வாரங்கள் போயின. கத்தல் குறுகியது. ஒரு மத்தியானம் அவனாகவே ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வருது பீபிக்," என்றான்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல்லை மட்டும் அவனிடமிருந்து கற்றிருந்தாள். ஒரு சட்டையைக் கொடுத்தாள். அதை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்கியது. வந்தது போய்விட்டது. அவள் சட்டையை வாங்கி மறுபடி தேய்த்தாள்.

பள்ளியிலும் அதைச் செய்தான். மேசைக்குப் போய், "டீச்சர், வருது," என்பான். அவர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, "ஓடு, ஓடு, இங்க போயிடாத," என்று வெளியே விரட்டுவார். அவன் ரம்புத்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவருவான். கயிற்றுக்கு வேலை இல்லாமல் போனது. பையன்கள் "தவிட்டுப் பய, தவிட்டுப் பய" என்று பின்னாலேயே வந்தார்கள். அதற்கும் மரத்தைத்தான் பிடித்தான்.

மாமா வந்து பார்த்து, கிரகம் இறங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். அதே வாரம் காப்பிக்கடையில் யாரோ அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள்: "என்னய்யா, ஒன் மவன் கெபாயாக்காரி வீட்ல வளர்றானாமே? ஒரு பிள்ளைக்குச் சோறு போட முடியலையா?"

அப்பா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவனக் கொண்டா," என்றார்.

அம்மா தவிட்டை எடுத்துக்கொண்டு போனாள். பீபிக் அதைத் தொடவில்லை.

"பெரியவர்களிடம் சொல்லிவிட்டேனே. இப்போது அவர்களிடம் என்ன சொல்வது?"

அம்மா திக்கித் திக்கி, இது எங்களில் ஒரு சடங்கு, சும்மா செய்வது என்றாள்.

"உண்மையாகவா என்று கேட்டேன். உண்மை என்றாய்."

அம்மா அழுதாள். பீபிக் அவளை நிலைப்படியில் உட்காரவைத்தாள். பிறகு, சண்டைக்கு நிற்பவள் போல இல்லாமல், கடன் கேட்பவள் போலச் சொன்னாள். பிள்ளை உன் பிள்ளைதான். ஆனால் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறான், இன்னும் பாதியில் இருக்கிறான், இந்த வருடம் முடியட்டும்.

அதற்குள் அப்பா வேலியைத் தாண்டி வந்துவிட்டார். தம்பி பீபிக்கின் பின்னால் நின்றுகொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே கூப்பிட்டான்.

"மாமா, நான் இங்கயே இருக்கேன்."

அப்பா அவனை இடுப்பில் வாரித் தூக்கினார். தம்பி கொல்லை முழுவதும் "வருது, வருது" என்றுதான் கத்திக்கொண்டு போனான். அப்பாவின் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. பீபிக் கூடவே இரண்டடி ஓடிவந்து, "பியார், பியார்," என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் போனதும் நான் ஜன்னல்களைச் சாத்தினேன்.

அன்று அப்பா தொட்டியடியில் வெகுநேரம் இருந்தார். மறுநாள் வேலி இடைவெளியில் பலகை வைத்து ஆணி அடித்தார்.

அதன் பிறகு தம்பி கத்தவில்லை. ஒரு தடவைகூட. மாமா இதைப் பற்றி செங் என்ற ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரிடம் பஞ்சாங்கம் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தம்பி டீச்சரின் மேசைக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் மாற்றிய இடத்தில் நின்றான். சுதந்திர நாளன்று கொடியைத் தோளுக்கு நேராகப் பிடித்து, யார் மீதும் இடிக்காமல் நடந்தான். இந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்று டீச்சர் மற்றவர்களுக்குச் சொன்னார்.

அவனைக் குளிப்பாட்டுவது அப்போது என் பொறுப்பு. இடது முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் எதிரெதிராக, இரண்டிரண்டாக, சிறுசிறு பிறை வடிவத் தடங்கள் இருந்தன. சில நீலமாக, சில மஞ்சளாக, ஒன்றிரண்டு புதிதாக. அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொசு," என்றாள்.

மலாக்காவில் கொசுவுக்குக் குறைவில்லை. அது அடிக்கடி ஒரே இடத்தில் கடிப்பது மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது. அன்றிலிருந்து அவன் பாய்க்குப் பக்கத்தில் தேங்காய் மட்டையைப் புகையவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் பள்ளியில் நல்லொழுக்கத்துக்கான பரிசு தம்பிக்குக் கிடைத்தது. மேடையேறி வாங்குவதற்கு அம்மா அவனுக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்துக்கொடுத்தாள்.