சவரிமுத்து சார் பாதியில் நிறுத்திய கதை

திண்டிவனம் போகும் காலை பஸ் எங்கள் தெருமுனையில் நிற்பது வழக்கமில்லை. போன வாரம் ஒரு நாள் நின்றது. கண்டக்டர் ஏழுமலை இறங்கி என் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தார். ஏழுமலை எங்கள் விழுப்புரம் பள்ளியில் படித்தவர்.

"சார், சவரிமுத்து சார் பூட்டாருங்க. நேத்து சாப்ட்டுட்டு உக்காந்தவரு, மாரு அடைக்குதுன்னாராம். அவ்ளோதான் சார். நீங்க கெளம்புங்க, வண்டிய நிறுத்திக்கினு நிக்கறேன்."

பஸ்ஸிலிருந்து யாரோ கத்தினார்கள்: "யோவ் கண்டக்டரு, ஜல்தியா வாய்யா! கோர்ட்டுக்குப் போவணும். காலைலயே பேஜாரு பண்ணாத!"

ஏழுமலை திரும்பிப் பார்த்து, "எங்க வாத்தியாரு செத்துட்டாருய்யா!" என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸில் சத்தமே இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. நான் செத்தால் இந்தப் பையன் இந்தப் பஸ்ஸை நிறுத்துவானா என்ற எண்ணம்தான் வந்தது. அதே வகுப்பில் அதே ஏழுமலைக்கு நானும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன்தான். இரங்கல் கட்டுரையில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் இந்தப் பொறாமையை நீக்கிவிட்டால் சவரிமுத்து அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். திண்டிவனத்துக்காரர். பெற்றோர் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். மிஷன் பள்ளியில் படித்து, பிறகு கல்லூரியில் பட்டம் வாங்கியிருந்தார். தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்துபோவார். நான் அவருக்கு மூத்தவன். என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். கரும்பலகையை மூன்று பத்திகளாகப் பிரித்து, பெயர்ச்சொல், வினைச்சொல், எடுத்துக்காட்டு என்று எழுதிப்போடுவேன். பையன்கள் பார்த்து எழுதுவார்கள். ஆங்கிலத்தை வேறு எப்படிக் கற்பிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த அறை அவருடையது. வந்த சில நாட்களிலேயே அங்கிருந்து கூச்சல் கிளம்பியது. எட்டிப் பார்த்தேன். ஒரு நாயின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்காமல் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேறிவிட்ட நாய். எளிய ஆங்கிலத்தில் நாலு வரி சொல்வார், நிறுத்திவிடுவார். பையன்கள் எல்லோரும் சேர்ந்து, "அண்ட் தென், சார்?" என்று கத்தவேண்டும். அது போதாது. நாய் அடுத்து என்ன செய்தது என்பதை யாராவது ஆங்கிலத்திலேயே கேட்கவேண்டும். அவர்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் வருமோ அவ்வளவு தூரம்தான் கதை நகரும். முதல் வாரம் அந்த வகுப்புக்குத் தூங்குவது என்ற வினைச்சொல்லைத் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியவில்லை. நாயும் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி எல்லாம் தாண்டித் தூங்கிக்கொண்டே போனது. காணையிலிருந்து வரும் கலியபெருமாள் என்ற பையன் பொறுக்க மாட்டாமல் எழுந்து, நாய்க்கு யாராவது சாப்பிடக் கொடுத்தார்களா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்ட பிறகுதான் மயிலத்தில் அது கண் விழித்தது.

பாட்டும் கட்டுவார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கும் சட்டியைப் பற்றி எட்டு வரியில் ஓர் ஆங்கிலப் பாட்டு. சட்டியில் மல்லாட்டை வெடிக்கும் தாளத்திலேயே வார்த்தைகள் விழும். ஒரு கல்யாணத்துக்காகத் திருவெண்ணெய்நல்லூர் போயிருந்தேன். வயலில் குருவி ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தப் பாட்டைச் சொல்லித்தான் குருவி ஓட்டினார்கள். என் மூன்று பத்திகளைச் சொல்லி எந்த வயலிலும் யாரும் ஒரு குருவியையும் ஓட்டியதில்லை. கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஆறாம் பாரம், அதாவது பள்ளியிறுதி வகுப்பு, அதன் ஆங்கிலம் முழுவதும் என் கைக்கு வரவேண்டும். முறைப்படி வந்திருக்கவும் வேண்டும். அந்த வருடம் பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்தார். என் வகுப்பில் ஓர் இலக்கணக் கேள்வி கேட்டார். பையன் பிழையில்லாமல் சொன்னான். "குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே ஒழுக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சிறிது பேசிவிட்டு நிறுத்தினார். கைதட்டுவார்கள் என்று நினைத்திருப்பார். ஆங்கிலத்தில் யார் பேசி நிறுத்தினாலும் என்ன கேட்கவேண்டும் என்று அந்தப் பையன்களுக்குப் பழகிப்போயிருந்தது. வகுப்பே எழுந்து, "அண்ட் தென், சார்?" என்று கேட்டது.

தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மேசை மேல் உட்கார்ந்து, தான் சிறுவயதில் வெள்ளத்தில் ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போன கதையைச் சொன்னார். நிறுத்தும்போதெல்லாம் அவர்கள் விடவில்லை. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் என் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் பாரத்தைத் தலைமையாசிரியர் இரண்டாகப் பிரித்தார். கதையும் கவிதையும் சவரிமுத்து அவர்களுக்கு, இலக்கணம் எனக்கு. வராந்தாவில் அவரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, கோவமா?"

"இல்லை."

"கோவம்தான். மூஞ்சி சொல்லுது. நீங்க ரோடு போடறீங்க, நான் வண்டி ஓட்டறேன். ரோடு இல்லாம வண்டி எங்கண்ணே போவும்?"

"வண்டியைத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் வகுப்பு முடிந்ததும் என் வகுப்பு. மணி அடித்ததும் கதையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். பாதிக் கதையை முகத்தில் வைத்துக்கொண்டு பையன்கள் என் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் வாய் திறக்காதவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். ஏழுமலைதான் அதிகம் கேட்பார். "சார், அவன் ஏன் வரலன்னு இங்லீஷ்ல எப்பிடி சார் கேக்கறது? இன்னும் வரலியான்னா அதுக்கு வேறயா சார்?" இலக்கணத்தில் இவர்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று நான் பூரித்துப்போனேன். அப்புறம்தான் புரிந்தது. அடுத்த நாள் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் அவரிடம் கதையை வாங்குவதற்காக என்னிடம் வந்திருந்தார்கள். சாவி என்னுடையது, கதவு அவருடையது.

தேர்வு முடிவு வந்தபோது காணையிலிருந்து கலியபெருமாளின் அப்பா சாமந்தி மாலையோடு வந்து சவரிமுத்து சார் கழுத்தில் போட்டார். அவர் அதைக் கழற்றி, "அண்ணனுக்குப் போடுங்கய்யா. இலக்கணம் அவருதான் சொல்லிக் குடுத்தாரு" என்றார். இன்னொருவர் கழுத்திலிருந்து இறங்கிய மாலை எவ்வளவு கனம் என்பது போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

சில நாட்கள் மயிலத்துக்கு நானும் அவரோடு ரயிலில் போவேன். என் மகள் வீடு அங்கே. ரயிலிலும் அவருக்கு வாய் ஓயாது. கதையைத் தமிழில் சொல்வார். சுண்டல் விற்பவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்பால இன்னா ஆச்சி வாத்யாரே, சொல்லு!" என்பார். பெட்டியே கேட்கும். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காதை அவரிடம் வைத்திருப்பேன். அப்புறம் என்ன என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் நடுவில் அவருக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தது. ஆறாம் பாரத்து ஆங்கிலம் முழுவதும் என் கைக்கு வந்தது. நான் ஒரு கதையைத் தயார் செய்தேன். எங்கே நிறுத்துவது என்றுகூடக் குறித்து வைத்துக்கொண்டு போனேன். சொன்னேன். சரியான இடத்தில் நிறுத்தினேன். காத்திருந்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. முன் வரிசைப் பையன் கை தூக்கினான். உடனே எழுப்பினேன்.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

அந்த வாரமே திண்டிவனம் போனேன். அவருடைய துணைவியார் அந்தோணியம்மாள் காபி கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அந்தோணியம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சவரிமுத்து சார் சிரிக்கவில்லை.

"எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிக்கினு நிறுத்துனீங்களாண்ணே?"

"ஆமாம்."

"முடிவும் தெரியும்?"

"தெரியாமல் எப்படிச் சொல்வது?"

"எனக்கு முடிவு தெரியாதுண்ணே. நான் கதைய நிறுத்தறதில்ல. எனக்கு மேல தெரியல, அதான் நிக்கறேன். பசங்க கேட்டப்புறந்தான் எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியும்னா பசங்க எதுக்குக் கேக்கணும்?"

திரும்பி வரும்போது இதையும் அவர் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லையே என்றுதான் எரிச்சல்பட்டேன். தெரியாமல் ஒரு வகுப்புக்குள் நுழைவது என்னால் ஆகாத காரியம். ஓய்வு பெறும்வரை மூன்று பத்திகளோடே இருந்துவிட்டேன்.

இனி அடக்கத்தைப் பற்றி. கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் வேலிக்கு வெளியேயும் நின்றது. கலியபெருமாள் காணையிலிருந்து வந்திருந்தார், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஜெபம் முடிந்ததும், மூத்தவர் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். "இங்லீஷ்ல பேசுங்க சார், அவரு கேட்டுக்கினு இருப்பாரு" என்றார் அந்தோணியம்மாள். பஸ்ஸிலேயே குறித்து வைத்திருந்தேன். பிறந்த ஊர், படிப்பு, பணி, குணம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாள் முடிந்தது. நன்றி சொல்லி விலகியிருக்கலாம். விலக முடியவில்லை, பேசவும் வரவில்லை. சொல்ல வேண்டியது எதுவோ அது தாளில் இல்லை. எனக்கு மேலே தெரியவில்லை. நின்றேன்.

பின்னாலிருந்து, தோள்பையைக்கூடக் கழற்றாத ஏழுமலையின் குரல் மெதுவாக வந்தது.

"அண்ட் தென், சார்?"

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். பிறகு வேலியோரம் நின்றவர்கள். நரைத்த தலைகளும் மீசைகளும் சேர்ந்து என்னைக் கேட்டன.

அந்தக் கேள்வி சவரிமுத்து சாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, அந்தச் சாமந்தி மாலையைப் பற்றிச் சொன்னேன். திருவெண்ணெய்நல்லூர்க் குருவிகளைச் சொன்னேன். என் பொறாமையை ஆங்கிலத்தில், பிழைகளோடு சொன்னேன். பரீட்சைக்கு வருமா என்ற இடத்தில் குழியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தோணியம்மாள் மறுபடியும் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நிறுத்திய இடத்திலெல்லாம் கேட்டார்கள். எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்குத் தெரியாது.

பிறகு எல்லோரும் கைப்பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. அவருடைய கூட்டம், அவருடைய கேள்வி, அதிலும் எனக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் படுத்திருந்தார். இப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. போய் வாருங்கள், சவரிமுத்து சார். குனிந்து மண்ணைப் போட்டேன். ரயிலில் அத்தனை நாள் கேட்காததை, யாருக்கும் கேட்காத குரலில், அவரிடம் கேட்டேன்.

"அண்ட் தென், சார்?"