தொலைக்காட்சியில் வராத சித்தப்பா

வெள்ளை மூடி தானாகவே எழுந்தபோது சித்தப்பா ஓரடி பின்வாங்கி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஆளிருக்கிறது தெரியேல்ல" என்றார். எங்கள் நிறுவனத்தின் யாருமில்லாத மலசலகூடத்திடம் அவர் கேட்ட மன்னிப்பை நாடே பார்த்துச் சிரித்தது. அந்தக் காணொளி இன்னும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான்தான் அந்த நிறுவனத்தில் இப்போது இல்லை.

அப்போது கொழும்பில் எங்கள் குழு ஒரு செயலியைச் செய்து முடித்திருந்தது. கடலில் காற்று கிளம்புமுன் சிறு படகுக்காரரின் கைபேசியில் தமிழில் குரல் கொடுத்து எச்சரிக்கும் செயலி அது. அறிமுக நாளில் தொலைக்காட்சிக்காரர் வருகிறார்கள், கடற்தொழிலாளி ஒருவர் பேசினால் நல்லது என்றார்கள். மன்னார் பள்ளிமுனையிலிருந்து சித்தப்பாவை அழைத்தேன். அப்பாவின் தம்பி. அப்பா கடலோடு போனபின் என்னை வளர்த்தவர். அப்பாவின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அந்த நாளைப் பற்றிச் சித்தப்பா வீட்டில் ஒருபோதும் பேசியதில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

பூசைக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எங்கள் மாடியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கீழே கிடந்த கடலை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடி தடித்தது, அலை வந்து உடைவது தெரியும், சத்தம் வராது. "சத்தமில்லாத கடலைப் பாக்க கனவு மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்றார். ஏசிக் குளிரில் அவருடைய கைமயிர் சிலிர்த்திருந்தது. நிருபர், இளம்பெண், கமராவுக்கு முன்னால் அவரை ஒரு கதிரையில் இருத்தினாள். நான் கமராக்காரருக்குப் பின்னால் நின்றேன்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மெல்லத் தொடங்கினார். "அண்டைக்கு அண்ணையும் நானும் ஒரே படகில. கடல் எண்ணெய் ஊத்தினமாதிரிக் கிடந்தது. அண்ணை பாடிக்கொண்டு வலை இழுத்தவர். திடீரெண்டு சோளகக் காத்து எழும்பி படகு கவிண்டுபோச்சு. பிடிக்கிறதுக்கு ஒரு வெறும் பிளாஸ்ரிக் கான்தான் இருந்தது. அது ரெண்டு பேரைத் தாங்கேல்ல. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' எண்டார். பிறகு கையை விட்டிட்டார்." கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் கடல் மினுங்கியது. எனக்கு அறை முழுதும் மெல்ல ஆடுவதுபோல் இருந்தது. அப்பா பாடுவார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள், முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தாள். எங்கள் மலசலகூடத்தில் இருக்கை சூடாக இருக்கிறதாம், பொத்தானை அழுத்தினால் இசை வருகிறதாம், வெந்நீர் கழுவிக் காற்று உலர்த்துகிறதாம். கமரா, விளக்கு எல்லாம் அந்தப் பக்கம் போயின. "ஐயா, நீங்களும் ஒருக்கா வாங்கோ" என்று பணிவாகத்தான் கூப்பிட்டாள். சித்தப்பாவும் போனார்.

செய்தியில் அந்த மூடி மூன்று தரம் திறந்தது. செயலிக்கு ஒரு வரி. அப்பாவைப் பற்றி ஒன்றுமில்லை. அடுத்தடுத்த நாட்களில் பத்திரிகைகளும் இணையத்தளங்களும் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று விளக்கின. ஊருக்குத் திரும்பியிருந்த சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன். "விடு பிள்ளை. சிரிக்கிற சனம் சிரிக்கட்டும்" என்றார்.

மனம் ஆறாமல் லீவு போட்டு மன்னாருக்குப் போனேன். பஸ் நிலையத்தில் கழுதைகளை விலத்திக்கொண்டு வந்த தெரிந்த ஒருவர், "கதிரை சுடுமாமே?" என்று கேட்டார். கரைக்குப் போனால், படகின் நிழலில் சித்தப்பாவைச் சுற்றி ஒரு கூட்டம். அவர் மூடி திறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி புளுகு. வலை தைத்தவர்கள் ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க, "சரி, இப்ப எல்லாரும் போனை எடுங்கோ. அந்தக் கந்தோரில இன்னொண்டும் செய்தவை. என்ர பெறாமகள், அண்ணையின்ர பிள்ளை செய்தது" என்றார். ஒவ்வொருவருடைய கைபேசியாக வாங்கி, செயலியை ஏற்றச் சொல்லி என்னிடம் நீட்டினார். கூட்டம் கலைந்தபின், "காத்தைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டிருந்தா ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்" என்றார்.

நான் திரும்புமுன் ஒரு காலை, படகுகள் தள்ளும் நேரம், கரையில் இருந்த கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசத் தொடங்கின. வானம் தெளிவாகத்தான் இருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். சித்தப்பா தன் படகைத் திரும்ப மணலுக்கு இழுத்தார், மற்றவர்களும் இழுத்தார்கள். மதியத்துக்குள் சோளகம் வந்தது. பனைகள் வளைந்தன, கடல் வெள்ளையாகப் புரண்டது. போகவேண்டியவர்கள் எல்லாரும் கரையில் வரிசையாக இருந்து தேநீர் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பறக்கும் மணலுக்கு முகத்தை மூடிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். "நீங்கள் சொன்னதை அந்த டிவிக்காரர் வெட்டிப் போட்டினமே, சித்தப்பா. உங்களுக்குக் கோவமில்லையோ?"

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் டிவிக்கோ சொன்னனான்? நீ பின்னால நிண்டனி. உனக்குக் கேக்கட்டும் எண்டுதான் சொன்னனான்."